நரம்பு டாக்டரிடம் கேளுங்கள்: "மாத்திரையை எப்போது நிறுத்தலாம்?"

போன இதழில் தலைவலியைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வலிப்பைப் பற்றிக் கேட்கின்றன. அதுவும் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று எல்லாம் நம்ம வடசென்னைப் பக்கத்துக் கடிதங்கள். பெயரைப் போடாதீர்கள் என்று அடிக்கோடு வேறு. சர்க்கரை நோய்க்கு இனிஷியலோடு எழுதுகிற அதே வாசகர்கள்தான் இவர்கள்! சரி, ஊரை மட்டும் போடுகிறேன்.

பிளஸ் டூ படிக்கும் என் மகனுக்கு இரண்டு முறை ஃபிட்ஸ் வந்தது. இரண்டுமே ராத்திரி கண்விழித்துப் படித்துவிட்டு விடியற்காலையில் எழுந்தபோது. ஸ்கேன் நார்மல். லெவெடிராசிட்டம் 500 காலையும் இரவும் போடுகிறான். அதற்குப் பிறகு வரவில்லை. ஆயுசு முழுக்க மாத்திரையா? மூளை மழுங்கிவிடும் என்கிறார் என் மாமியார். — ஒரு தாய், ராயபுரம்

அம்மா, மருந்து ஆரம்பித்த பிறகு வரவில்லை என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். முதல் மருந்துக்கே அடங்குகிற வலிப்பு பெரும்பாலும் அடங்கியே இருக்கும். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள், அதுவரை மருந்தே எடுக்காத 470 பேரைத் தொடர்ந்து பார்த்து 2000-ஆம் ஆண்டில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். நூற்றில் 47 பேருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றிருக்கிறது. இரண்டாவது மருந்தில் இன்னும் 13 பேருக்கு. மூன்றாவதுக்குப் போனால் கூடுதலாகத் தேறியவர்கள் மிகக் கொஞ்சம். அப்புறம் எத்தனையோ புது மருந்துகள் வந்தன. அதே ஊரில் 2018-ல் மறுபடி கணக்குப் பார்த்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. புது மருந்துகளில் பக்கவிளைவு குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். மருந்துக் கம்பெனிக்காரர்கள் என் மேஜையில் வைத்துவிட்டுப் போகும் வழவழப்பான காகிதத்தில் இதைப் போட மாட்டார்கள்.

ஆயுசு முழுக்கவா என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த மாத்திரைகள் வலிப்பு வராமல் தடுப்பவை. வலிப்பு வரக்கூடிய தன்மையை வேரோடு எடுப்பவை இல்லை. ஆனால் அந்தத் தன்மையே பலருக்குக் காலப்போக்கில் தானாக மங்கிவிடும். அது மங்குகிற வரைக்கும் விழாமல், அடிபடாமல், பள்ளிக்கூடம் நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் மருந்தின் வேலை. அதனால்தான் குறைந்தது இரண்டு வருடம் ஒரு தடவைகூட வராமல் இருந்தால்தான், நிறுத்திப் பார்க்கலாமா என்று பேச்சையே எடுப்போம். பிரிட்டனில் 1991-ல் முடிவு வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், அப்படி இரண்டு வருடம் நன்றாக இருந்த ஆயிரம் பேருக்கு மேல் சேர்த்து, பாதிப் பேருக்கு மெல்ல மெல்ல மருந்தை நிறுத்தினார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், தொடர்ந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 78 பேருக்கு வலிப்பு வரவில்லை. நிறுத்தியவர்களில் 59 பேருக்கு வரவில்லை. நிறுத்தினாலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் நன்றாகவே இருந்தார்கள். மாத்திரையை விடாமல் போட்டவர்களிலும் சிலருக்கு வந்தது. இந்த இரண்டு எண்களையும் சீட்டில் எழுதிக் கொடுத்து, வீட்டில் பேசிவிட்டு வாருங்கள் என்றுதான் நான் அனுப்புவேன். டிகிரி முடிக்கிற வருடத்தில் இந்த ரிஸ்க் வேண்டாம் என்பார்கள் சிலர். நியாயம்தான்.

உங்கள் மகன் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. காலையில் எழுந்த கொஞ்ச நேரத்துக்குள் அவனுக்குக் கை வெடுக்கென்று உதறுகிறதா? பல் தேய்க்கும்போது பிரஷ் எகிறி விழுகிறதா? இதே வயசுப் பையன் ஒருவனைக் கல்மண்டபம் பக்கத்திலிருந்து அழைத்துவந்திருந்தார்கள். அவனிடம் இதைக் கேட்டதும் அவன் பதில் சொல்லவில்லை, திரும்பி அம்மாவைப் பார்த்தான். "காபி டம்ளரை விசிறி அடிப்பான் டாக்டரம்மா, அதுக்கு எவ்வளவோ அடி வாங்கியிருக்கான்" என்றார் அந்த அம்மா. அதுவரை எந்தச் சீட்டிலும் அந்த டம்ளர் பதிவாகவே இல்லை. பருவ வயதில் தொடங்கும் ஒரு வகை வலிப்பு இது. தூக்கம் கெட்டால் வரும், விடியலில் வரும், ஸ்கேன் சுத்தமாக இருக்கும். மருந்துக்கு அருமையாக அடங்கும். ஆனால் மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குத் திரும்பி வந்துவிடும். அதனால் இந்த வகைக்கு மட்டும் நீண்ட காலம் மாத்திரை என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வேறொரு காரணமும் உண்டு. மற்ற வலிப்புகளுக்கு நன்றாகக் கேட்கும் கார்பமாசெபின், ஃபெனிடாயின் போன்றவை இதில் உதறலை அதிகமாக்கிவிடலாம். உதறல் இருந்தால் அடுத்த முறை நரம்பு டாக்டரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள். இல்லையென்றால் மேலே சொன்ன இரண்டு வருடக் கணக்கு அவனுக்கும் பொருந்தலாம்.

மாமியாரிடம் சொல்லுங்கள், லெவெடிராசிட்டம் மூளையை மழுக்குகிற மருந்து இல்லை. சிலருக்குக் கோபத்தைக் கிளப்பும். சாதுவான பையன் திடீரென்று கதவை அறைந்து சாத்துகிறான், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான், யாரோடும் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருக்கிறான் என்றால் வயசுக் கோளாறு என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மருந்தை மாற்றினால் சரியாகிவிடும். ராத்திரி படிப்பை நிறுத்திவிட்டுச் சீக்கிரம் படுக்கச் சொல்லுங்கள். அவனைப் பொறுத்தவரை தூக்கமும் ஒரு மருந்துதான்.

என் வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். போனால் கரைக்கு வர பத்து, பதினைந்து நாள் ஆகும். தினமும் ராத்திரி வலிப்புக்கு எப்டாயின் போடச் சொல்லியிருக்கிறார்கள். கரையில் இருக்கும்போது போடுகிறார், கடலில் போடுவதில்லை. குடித்த அன்றைக்கும் போடுவதில்லை, சூடு என்கிறார். — காசிமேடு

நேராகச் சொல்கிறேன் தாயி, கோபித்துக்கொள்ளாதீர்கள். கரையில் விழுந்தால் மண்டையில் தையல் போடலாம். கடலில் விழுந்தால்? மாத்திரை கட்டாயம் வேண்டிய இடத்தில்தான் அவர் அதை விடுகிறார்.

படகில் ராத்திரி வலை இழுப்பது, தூக்கம் கெடுவது, நேரத்துக்குச் சாப்பிடாதது, இவை எல்லாமே வலிப்பைத் தூண்டுபவை. அதோடு மருந்தும் நின்றால் கேட்கவே வேண்டாம். திடீரென்று நிறுத்துவதே வலிப்பை வரவழைக்கும். அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கிற ஆபத்தான வலிப்புக்கும் அது ஒரு முக்கியக் காரணம். குடி விஷயத்திலும் அவர் கணக்கு தலைகீழ். குடித்து, போதை இறங்குகிற மறுநாள்தான் பலருக்கு வரும். குடித்த அன்றைக்கும் மாத்திரையை விடக் கூடாது. குடியை விட வேண்டும்; அதற்கு அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் மாத்திரையாவது தொடரட்டும்.

என் கருத்து, ஒரு வருடமாவது வலிப்பில்லாமல் இருக்கிற வரைக்கும் அவர் கடலுக்குப் போகக் கூடாது. ஏலக் கூடத்தில், ஐஸ் வண்டியில், வலை சரிபார்ப்பதில் வேலை இருக்கிறது. பங்குப் பணம் அளவுக்கு அதில் வராது என்று எனக்கும் தெரியும். ஆகவே அடுத்த மீன்பிடித் தடைக்காலத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் எப்படியும் படகு துறைமுகத்தில்தான் நிற்கும். மருந்தின் அளவைச் சரிபார்ப்பது, ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது, தேவைப்பட்டால் வேறு மருந்துக்கு மாற்றுவது எல்லாவற்றையும் அந்த நாட்களில் முடிக்கலாம். என்ன சொல்லியும் கேட்காமல் போகத்தான் போகிறார் என்றால், போகிற நாளுக்கு ஒரு வாரம் கூடுதலாக மாத்திரை எடுத்துத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு, பாதியைக் கூட வருகிற ஆள் கையில் கொடுத்து வையுங்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது. படகில் இருக்கும் அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இதில் மானம் பார்க்க ஒன்றுமில்லை.

எனக்கு 24 வயது. எட்டாவது படிக்கும்போதிலிருந்து வால்புரோயேட் சாப்பிடுகிறேன். மூன்று வருடமாக ஃபிட்ஸ் இல்லை. இப்போது மாப்பிள்ளை பார்க்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டாம், கல்யாணத்தன்று மாத்திரையும் போட வேண்டாம், தாலி கட்டும்போது தூக்கமாக இருக்கும் என்று அம்மா சொல்கிறார். — வியாசர்பாடி

கல்யாணத்தன்று மாத்திரையை விடுவதைப் போல ஆபத்தான யோசனை வேறு இல்லை. முதல் நாள் ராத்திரி ரிசப்ஷன், விடியற்காலை நாலு மணிக்கு அலங்காரம், வெறும் வயிறு, புகை, பதற்றம். எத்தனையோ மணப்பெண்கள் மேடையில் மயங்கி விழுவதைப் பார்த்துப் பசி மயக்கம் என்று சோடா கொடுப்பார்கள். உங்களுக்கு அது வேறாக இருக்கும். மாத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, தோழி ஒருத்தியிடம் நேரத்தைச் சொல்லி வையுங்கள்.

சொல்வதா வேண்டாமா என்பதற்கு வருகிறேன். வலிப்பு இருந்தால் திருமணமே செல்லாது என்று சொல்ல இடம்கொடுக்கும் ஒரு சொல் இந்து திருமணச் சட்டத்தில் இருந்தது. 1999-ல் அதைத் திருத்தி நீக்கிவிட்டார்கள். சிறப்புத் திருமணச் சட்டத்திலிருந்தும் நீக்கியாயிற்று. உங்கள் அம்மாவின் காலத்துப் பயம் அந்தப் பழைய சட்டத்தின் காலத்தது. இன்றைக்குப் பிரச்சினை நோயால் வருவதைவிட மறைப்பதால்தான் வருகிறது. ஏமாற்றிக் கட்டிவைத்தார்கள் என்ற பேச்சு குடும்ப நீதிமன்றம் வரைக்கும் போகிறது. அதைவிட எனக்குக் கவலை வேறு. மறைத்தால் புகுந்த வீட்டில் மாத்திரையை எங்கே வைத்துப் போடுவீர்கள்? மசாலா டப்பாவுக்குள் ஒளித்துவைத்து, மாமியார் சமையலறையில் இருக்கும் நாளில் போட முடியாமல், மூன்றாம் மாதம் வலிப்பு வந்து கிளினிக்குக்குத் தூக்கிவருகிற மருமகள்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மாப்பிள்ளையை ஒருமுறை என் போன்ற யாரிடமாவது அழைத்துப் போங்கள். மூன்று வருடமாக வரவில்லை, பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வராது, வேலைக்குப் போகலாம், பிள்ளை பெறலாம் என்று டாக்டர் வாயால் கேட்டால் பாதிப் பேர் தெளிந்துவிடுவார்கள். தெளியாதவன் உங்களுக்கு வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்கு அவசரமாகப் படுகிறது. வால்புரோயேட் கர்ப்பத்துக்கு ஆகாத மருந்து. அதைச் சாப்பிட்டுக்கொண்டே கர்ப்பம் தரித்தால் நூற்றில் பத்துக் குழந்தைகளுக்கு ஏதோ ஒரு பிறவிக் குறை வருகிறது. பொதுவாக அது இரண்டு, மூன்றுதான். முதுகுத்தண்டு மூடாமல் பிறப்பது அதில் ஒன்று. குறையில்லாமல் பிறந்தாலும் பத்தில் மூன்று, நான்கு குழந்தைகள் பேசவும் நடக்கவும் தாமதமாகிறார்கள், படிப்பில் பின்தங்குகிறார்கள். முதுகுத்தண்டு உருவாவது கர்ப்பத்தின் முதல் சில வாரங்களிலேயே நடந்து முடிகிறது, நாள் தள்ளியிருக்கிறது என்று நீங்கள் கவனிப்பதற்குள். ஆகவே ஸ்கேனில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. எட்டாவது படிக்கும்போது எழுதிக் கொடுத்த சீட்டையே இன்னும் கடையில் காட்டி வாங்கிக்கொண்டிருந்தால், யாரும் உங்களிடம் இதைச் சொல்லியிருக்க வாய்ப்பில்லை.

பயந்து நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள்! லாமோட்ரிஜின், லெவெடிராசிட்டம் இரண்டும் கர்ப்பத்தில் நன்றாகப் பார்க்கப்பட்ட மருந்துகள்; அவற்றில் இந்த அபாயம் பொது அளவை ஒட்டியே இருக்கிறது. ஒன்றைக் கூட்டிக்கொண்டே இன்னொன்றைக் குறைத்து மாற்ற வேண்டும். லாமோட்ரிஜினை வேகமாகக் கூட்டினால் தோலில் கடுமையான தடிப்பு வரும், அதனால் மாற்றி முடிக்கச் சில மாதம் பிடிக்கும். மாற்றிய பிறகும் வலிப்பில்லாமல் கொஞ்ச காலம் போகட்டும். கல்யாணத் தேதியைவிடக் குழந்தை வேண்டும் என்று நினைக்கும் தேதியை டாக்டரிடம் சொல்லுங்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இப்போதே ஆரம்பிக்கலாம். கருத்தடை மாத்திரை போடுவதாக இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில வலிப்பு மருந்துகள் அதை வேலை செய்யவிடாது, லாமோட்ரிஜினோ கருத்தடை மாத்திரையால் ரத்தத்தில் குறைந்துபோகும். கர்ப்பத்திலும் அது குறையும், அளவைக் கூட்ட வேண்டிவரும். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

25 வருடமாக எப்டாயின் போடுகிறேன். ஈறு வீங்கிப் பல்லை மூடுகிறது. இப்போது இரண்டு மாதமாக நடந்தால் தள்ளாடுகிறது. குடித்திருக்கிறேன் என்று தெருவில் நினைக்கிறார்கள். நான் குடிப்பதே இல்லை. காச நோய்க்கு மருந்து ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. — தண்டையார்பேட்டை

ஐயா, நீங்கள் அடுத்த இதழுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று ஆசிரியர் வழியாக ஏற்கெனவே சொல்லியனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

எப்டாயின் என்கிற பெயரில் நாம் அறிந்த ஃபெனிடாயின் 1938-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. பாஸ்டன் நகரில் மெரிட், பட்னம் என்ற இருவர் பூனைகளுக்கு மின் அதிர்ச்சி கொடுத்துச் சோதித்துக் கண்டுபிடித்த மருந்து. விலை மலிவு, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், ஒருவேளை போட்டால் போதும். நம்ம பகுதியில் எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றிய மருந்து, அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இதன் போக்கு விசித்திரமானது. கல்லீரலால் ஓர் அளவுக்கு மேல் இதை வெளியேற்ற முடியாது. அந்த அளவைத் தொட்டபின், நிரம்பிய குடத்தில் இன்னும் ஒரு டம்ளர் ஊற்றின மாதிரி, சின்னக் கூடுதல்கூட மொத்தமாக வழியும். தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, கண் ஆடுவது, நாக்குக் குழறுவது எல்லாம் அப்போது வரும். அறையில் தரைக் கல்லின் கோட்டின் மேல், குதிகாலைப் பெருவிரலோடு ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொல்வேன். ஃபெனிடாயின் ஏறியவர்கள் மூன்றாவது அடியில் சுவரைப் பிடிப்பார்கள்.

காச நோய் மருந்துகளில் ஐசோனியாசிட் ஃபெனிடாயினை உடலில் தேங்க வைக்கும். ரிஃபாம்பிசின் அதற்கு நேர்மாறாக அதை வேகமாக வெளியேற்றும். இரண்டையும் சேர்த்துப் போடும்போது எந்தப் பக்கம் சாயும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ரத்தத்தில் அளவு பார்த்தால்தான் தெரியும். ஒரு மில்லிலிட்டருக்குப் பத்திலிருந்து இருபது மைக்ரோகிராம் வரை இருக்கலாம். காச நோய்ப் பிரிவில் ஒரு சீட்டு, வலிப்புக்கு இன்னொரு சீட்டு என்று தனித்தனி ஃபைலில் இருந்தால் இதை யாரும் கவனிக்காமல் போய்விடும். எங்கே போனாலும் எல்லா மாத்திரை அட்டையையும் ஒரே மஞ்சள் பையில் போட்டு எடுத்துப்போய் மேஜைமேல் கொட்டுங்கள். காச நோய் மருந்தையோ வலிப்பு மருந்தையோ நீங்களாக நிறுத்தவும் கூடாது.

ஈறு வீக்கம் இந்த மருந்தின் பழைய அடையாளம். பல்லைச் சுத்தமாக வைத்திருந்தால் குறையும்; மருந்தை மாற்றினால் மெதுவாக வடியும். இத்தனை வருடம் சாப்பிட்டவர்கள் எலும்பு பலத்தையும் வைட்டமின் டி அளவையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

நாங்கள் சுத்த சைவம், முட்டைகூடச் சேர்ப்பதில்லை. மகளுக்கு வலிப்பு வந்து ஸ்கேன் எடுத்தால் மூளையில் பன்றிப் புழு என்கிறார்கள். எப்படி? — பெரம்பூர்

புழு உள்ள பன்றிக் கறியைச் சரியாக வேகாமல் சாப்பிட்டால் குடலில் நாடாப்புழு வரும். அந்தப் புழு உள்ளவரின் மலத்தில் முட்டை வெளியேறும். அந்த முட்டை பட்ட கையோ, தண்ணீரோ, கழுவாத கீரையோ வாய்க்குள் போனால்தான் மூளையில் கட்டி வரும். அதற்கு நீங்கள் கறி சாப்பிட வேண்டியதில்லை. வேறு யாரோ சாப்பிட்டால் போதும். வெளியே வாங்கும் நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி எல்லாவற்றுக்கும் சைவ அடுப்பும் அசைவ அடுப்பும் ஒன்றுதான்.

ஒரே ஒரு சின்னக் கட்டி என்றால் நல்ல சகுனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் இதைக் காச நோய்க் கட்டி என்று நினைத்து மாதக்கணக்கில் அந்த மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1980-களின் கடைசியில் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள்தான் இவற்றில் பெரும்பாலானவை புழுக் கட்டி என்று எடுத்துக் காட்டினார்கள். பல கட்டிகள் சில மாதங்களில் தானாகக் கரைந்துவிடும். கட்டி கரைந்து, ஸ்கேனில் சுண்ணாம்புப் புள்ளி எதுவும் மிச்சமில்லை என்றால் வலிப்பு மாத்திரையையும் மற்றவர்களைவிடச் சீக்கிரமே நிறுத்தலாம். புழு மருந்தை மட்டும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். புழு சாகும்போது மூளையில் வீக்கம் வரும், அதற்கு ஸ்டீராய்டு சேர்த்துக் கொடுக்க வேண்டும். அது டாக்டர் வேலை.

என் மகளுக்கு 28 வயது. மூன்று மருந்து மாற்றியாகிவிட்டது, மாதத்துக்கு நாலைந்து தடவை வருகிறது. திடீரென்று வாயைச் சப்புக்கொட்டுவாள், தாவணியைக் கசக்குவாள், கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். இனி அவ்வளவுதானா? — ஒரு அப்பா, திருவொற்றியூர்

அவ்வளவுதான் என்று சொல்லும் முன் மூன்று சந்தேகங்களைத் தீர்க்க வேண்டும். மாத்திரை ஒழுங்காக உள்ளே போகிறதா? ஒழுங்காகப் போடுகிறேன் என்று எல்லோரும்தான் சொல்வார்கள், அதனால் நான் அட்டையை வாங்கி மிச்சத்தை எண்ணுவேன். எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகளில் வேலை பார்க்கிற பிள்ளைகளின் அட்டையில், தீபாவளி சீசனில் ராத்திரி மாத்திரைகள் அப்படியே இருக்கும், காலை வரிசை மட்டும் காலியாகியிருக்கும். கடை பூட்டி வீடு போய்ச் சேர்ந்தால் சாப்பிடவே தெம்பில்லை, மாத்திரை எங்கே? இரண்டாவது, மருந்து அந்த வகை வலிப்புக்கு ஏற்றதா, அளவு போதுமா. மூன்றாவது, இது வலிப்புதானா. இதய மயக்கமும் மன அழுத்தத்தால் வருவதும் வலிப்பு மாதிரியே தோன்றும். அடுத்த தடவை வரும்போது ஒருவர் அவளைக் கவனிக்க, இன்னொருவர் செல்போனில் முகம் தெரிகிற மாதிரி வீடியோ எடுக்கட்டும். பெரிய டெஸ்டுகள் சொல்லாததை அந்த ஒரு நிமிட வீடியோ சொல்லிவிடுவதுண்டு.

நீங்கள் எழுதியிருக்கிற வாய் சப்புதல், துணி கசக்குதல் எல்லாம் நெற்றிப் பொட்டுக்கு உள்ளே, காதுக்கு மேலாக மூளையில் இருக்கிற பொட்டு மடல் என்ற பகுதியிலிருந்து கிளம்பும் வலிப்பின் அடையாளம். பொருத்தமான இரண்டு மருந்து தோற்றாலே மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று உலக அளவில் இப்போது வரையறுத்திருக்கிறார்கள். நாலாவது, ஐந்தாவது என்று பத்து வருடம் ஓட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கனடாவில் 2001-ல் ஓர் ஆய்வு முடிவு வந்தது. இதே வகை வலிப்புள்ள 80 பேரில் பாதிப் பேரை ஆபரேஷனுக்கும் பாதிப் பேரை மருந்துக்கும் பிரித்தார்கள். ஒரு வருடத்தில் ஆபரேஷன் பக்கம் நூற்றுக்கு 58 பேருக்கு நினைவு தப்பும் வலிப்பு நின்றது, மருந்துப் பக்கம் 8 பேருக்கு. மூளை ஆபரேஷன் என்றதும் பயம் வரும், எல்லோருக்கும் அது ஒத்துவராது என்பதும் உண்மை. ஒத்துவருமா என்று பரிசோதிப்பதில் நஷ்டம் இல்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் 1995 முதல் இதைச் செய்துவருகிறது. உங்கள் டாக்டரிடம், வலிப்புக்கென்றே உள்ள தனி முறையில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொல்லி, அங்கே அனுப்பும் கடிதமும் கேளுங்கள்.

இதில் ஏன் அவசரப்படுத்துகிறேன் என்றால், அடங்காத வலிப்பு உள்ளவர்களில் சிலர் தூக்கத்திலேயே திடீரென்று இறந்துபோகிறார்கள். வலிப்புள்ள பெரியவர்கள் எல்லோரையும் சேர்த்தால் வருடத்துக்கு ஆயிரத்தில் ஒருவர் என்ற கணக்கு. கை கால் வெட்டும் பெரிய வலிப்பு, அதுவும் ராத்திரியில் வருகிறவர்களுக்குத்தான் அபாயம் அதிகம். அவளுக்கு அப்படியும் வருகிறதா என்று எழுதவில்லை. வருமானால் அதே அறையில் யாராவது படுத்துக்கொள்ளுங்கள்.

வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுக்கலாமா? எங்கள் கடையில் கற்பூரத்தை முகரக் கொடுத்தார்கள். — பழைய வண்ணாரப்பேட்டை

சாவி எதுவும் செய்யாது. அதை வாயில் திணித்துப் பல்லை உடைக்காமல் இருந்தால் சரி. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே துணியை மடித்து வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நிற்கும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு வராமலே மறுபடி வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். முழு நினைவு வரும்வரை சோடா, தண்ணீர், மாத்திரை எதுவும் வாயில் வேண்டாம். கற்பூரமும் நீலகிரித் தைலமும் வலிப்பைக் கிளப்பக்கூடியவை. வலிப்பு இருக்கிற வீட்டில் குழந்தை மார்பில் அதைத் தேய்ப்பதையும் விட்டுவிடுங்கள்.

ஆட்டோ ஓட்டுகிறேன். நாலு வருடத்துக்கு முன்னால் வலிப்பு வந்தது, மாத்திரையில் நன்றாக இருக்கிறேன். லைசென்ஸ் புதுப்பிக்கும் படிவத்தில் அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று போடலாமா? — கொருக்குப்பேட்டை

போடக் கூடாது தம்பி. படிவம் 1-ல் வலிப்போ திடீர் மயக்கமோ உண்டா என்று நேரடியாகக் கேட்கிறார்கள், கீழே கையெழுத்து உங்களுடையது. பிரிட்டனில் ஒரு வருடம் வலிப்பில்லாமல் இருந்தால் சொந்தக் காரை ஓட்ட விடுகிறார்கள். நம் சட்டத்தில் அப்படி ஒரு கால வரம்பு இல்லை. மருந்தில் பல வருடம் நன்றாக இருப்பவரையும் நேற்று விழுந்தவரையும் ஒரே தராசில் வைப்பது சரியில்லை என்பது என் அபிப்பிராயம். அதற்காகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மின்ட் மேம்பாலத்தில் போகிற ஆட்டோவில் பரீட்சை வைத்துப் பார்க்க முடியாது. வண்டி சொந்தமாக இருந்தால் வாடகைக்கு விடுங்கள். மாத்திரையை மட்டும், லைசென்ஸ் போனால் என்ன ஆனால் என்ன என்ற வெறுப்பில் நிறுத்திவிடாதீர்கள். அடுத்த மாதம் வரும்போது ஈஈஜி (மூளையின் மின் அலைப் பதிவு) எடுத்துக்கொண்டு வாருங்கள், அளவைக் குறைக்கலாமா என்று பார்ப்போம்.